இடைவிடாத பயன்பாடு

ஜூன் 4, செவ்வாய்

தென்னொளி பிராட்பேண்ட் நிறுவனத்தின் மீது எனக்குள்ள குறைகள், தேதிவாரியாக. கடிதமாக்கும் முன் இங்கே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. மே 14: “உங்கள் பயன்பாடு வழக்கத்துக்கு மாறானது” என்றொரு குறுஞ்செய்தி. எது வழக்கம், யாருடைய வழக்கம் என்ற விவரம் இல்லை.

2. மே 23: இரண்டாம் செய்தி. ‘ஏற்கத்தக்க பயன்பாட்டு விதிகள், பிரிவு 9’ என்று மேற்கோள். இணைப்புக் கொடுத்த நாளில் இவ்விதிகளின் பிரதி எனக்குத் தரப்படவில்லை. நானே தேடிப் படித்தேன். இருபத்திரண்டு பக்கங்கள். வீட்டு இணைப்பை இடைவிடாத ஒளிபரப்புக்கோ கண்காணிப்புக்கோ பயன்படுத்தலாகாது என்கிறது பிரிவு 9. மனிதர் ஒருவரின் இயல்பான பயன்பாட்டைக் கடந்தவை இயந்திரப் பயன்பாடு எனக் கருதப்படுமாம்.

3. மே 30: வேகம் குறைக்கப்பட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

4. ஜூன் 3, காலை 10:42: இணைப்பு முழுமையாகத் துண்டிக்கப்பட்டது.

5. அதே நாள், காலை 11:15: புகார் பதிந்தேன். 11:19க்கு “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று செய்தி வந்தது. நான்கு நிமிடங்கள்.

6. ஜூன் 3, மேற்படி 10:42: நான் துண்டிக்காத ஓர் அழைப்பை நான் துண்டித்ததாக மறுமுனையில் தோன்றும்படி செய்தது. முறைப்படி இது நான்காவதோடு சேர வேண்டியது. தனியாகவே எழுதுகிறேன்.

அழைப்பு 954 மணி 42 நிமிடம் நீடித்திருந்தது. திரையில் கடைசியாக நின்ற எண் அது. ஏப்ரல் 24 அன்று பிற்பகல் நான்கு மணிக்கு என் மனைவி கோமதி அதைத் தொடங்கினாள். 27ஆம் தேதி மருத்துவமனையில் அவள் இறந்தாள். அழைப்பை யாரும் நிறுத்தவில்லை.

பகலுணவு: தயிர்ச் சோறு. பாளையங்கோட்டை முழுவதும் மேற்குக் காற்று வீசுகிறது. கொடியில் துணி நிற்கவில்லை.

ஜூன் 5, புதன்

காலை பத்தரை. சமையலறையில் மாலை வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

நேற்று எழுதிய வரியைப் பிறர் படித்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக எண்ணக்கூடும். ஆகவே விளக்கம்.

எங்கள் மகள் வடிவு நியூசிலாந்தில், டனிடின் நகரில் இருக்கிறாள். மருத்துவமனை மருந்தகமொன்றில் முறைவேலை. கோமதிக்கு இதயம் பலவீனப்பட்ட பிறகு, இரண்டாண்டுகளாக, தாயும் மகளும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இங்கே சமையல் மேடையில், உப்பு ஜாடியில் சாய்த்தபடி ஒரு தொடுதிரை டேப். அங்கே அவளுடைய அடுப்பருகே இன்னொன்று. இரண்டுக்கும் இடையே காணொளி அழைப்பு நாள் முழுவதும் திறந்தே இருக்கும். அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. “ஏட்டி, என்னத்த கிண்டுத?” என்பாள் இவள். “ரசம்மா” என்பாள் அவள். பிறகு ஒரு மணி நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் இரு திசையிலும் போய்வரும். ஒரு நிமிடம் வரை இணைப்பு அறுந்தால் அழைப்பு தானாகத் தொடரும். அதற்கு மேல் போனால் முடிந்துவிடும். யாரேனும் ஒருவர் மறுபடி அழைக்க வேண்டும். அதனாலேயே கோமதி மோடத்தை இன்வெர்ட்டரில் மாட்டச் சொல்லியிருந்தாள்.

அங்கே இப்போது குளிர்காலம். நம் காலை பத்தரைக்கு அங்கே மாலை ஐந்து. நம் சன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது டேப்பின் சன்னல் நீலமாகி, சாம்பல் நிறமாகி, மறையும். வடிவு விளக்கைப் போடுவாள். அந்த மஞ்சள் ஒளி நம் உப்பு ஜாடியின் மேலும் விழும். நாள்தோறும் என் சமையலறைக்குப் பகலிலேயே ஒரு மாலை வந்துகொண்டிருந்தது. இப்போது வருவதில்லை. நேற்றைய வரியின் பொருள் இதுவே.

கோமதி இறந்தபோது வடிவுக்கு விமானச்சீட்டு கிடைப்பதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. வீடு காலியானபின் நான் காபி போடச் சமையலறைக்குள் போனேன். டேப் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் மேடைமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பால் காய்ச்சினேன். அவள் தலையை நிமிர்த்தினாள். எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அது ஒன்பது ஆண்டு வழக்கம்.

அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் நான் அவள்முன் சமைத்தேன், அவள் என்முன் சமைத்தாள்.

ஒரு நாள் எனக்குக் கடுகு கிடைக்கவில்லை. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. மூன்று டப்பாக்களைத் திறந்து மூடினேன். டேப்பிலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம். பார்த்தேன். வடிவு என்னைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நின்றபடி, தன் அலமாரியின் மூன்றாம் தட்டில் இடது ஓரத்து டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். என் அலமாரியின் மூன்றாம் தட்டில் இடது ஓரத்தில் பார்த்தேன். கடுகு இருந்தது. கோமதியின் சமையலறையை அவள் தட்டுக்குத் தட்டு அங்கே அடுக்கி வைத்திருக்கிறாள்.

இதைத்தான் அந்நிறுவனம் இயந்திரப் பயன்பாடு என்கிறது.

ஜூன் 7, வெள்ளி

சேவை மையத்தில் பேசிய பெண்ணின் பெயர் சுகந்தியாம். “உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம் சார்” என்று ஆறு முறை சொன்னார். எண்ணினேன். விதிமீறல் பட்டியலில் இருப்பதால் நேரில் ஆய்வு செய்தபிறகே இணைப்பு மீளும் என்றார். ஆய்வாளர் எப்போது வருவார் என்று கேட்டேன். ஏழாவது முறை வருந்தினார்.

பால் பொங்கி வழிந்தது. யாரும் தட்டவில்லை.

ஜூன் 8, சனி

ஆய்வுக்கு வந்தவர் ஜெபசிங். நாற்பது வயதிருக்கும். இப்பகுதியின் கம்பி, கம்பம் அனைத்தும் அவர் பொறுப்பு. செருப்பை வாசலில் கழற்றும்போதே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

“சார், சேனல் ஏதும் நடத்துதியளா?”

“இல்லை.”

“கேமராவ வச்சு எங்கயாவது கடைக்குக் காவல் பாக்குதியளா?”

“நான் கணிதத்துறைத் தலைவர். கல்லூரி விடுமுறையில் இருக்கிறேன்.”

“பொறவு எப்படி சார்? ஆபீஸ்ல படம் போட்டுக் காட்டுனாவ. ஊர்ல எல்லா வீடும் மலை கணக்கா ஏறுது, இறங்குது. ஒங்க வீடு மட்டும் ஆத்துப் பாலம் மாதிரி நேராப் போவுது. மிஷின்தான்னு எங்க மேனேஜர் சத்தியமே பண்ணிட்டாரு.”

டேப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கறுத்த திரையில் அவர் முகம்தான் தெரிந்தது.

“இதுல யார்ட்ட பேசிட்டிருந்திய?”

“பேசவில்லை.”

“சரி, யார்ட்ட பேசாம இருந்திய?”

“மகளிடம்.”

அவர் சிரிக்கவில்லை. மோடத்தைப் பார்வையிட்டார், ஏதோ குறித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்றார்.

“சார், தப்பா நெனைக்காதிய. ஒங்க மொபைல்ல நெட் இருக்கத்தான செய்யுது? அதுல கூப்பிட்டு, இந்த மாதிரி லைன் கட்டாயிட்டுன்னு பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. நாலு நிமிசம் ஆவுமா?”

அது இந்தப் புகாருக்குத் தொடர்பற்றது.

ஜூன் 9, ஞாயிறு

மே மாதத்தில் ஒரு நாள், வெளுத்த வெயிலில், மழைச் சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினேன். கொடியில் இருந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு நின்றபோது வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. மழை டனிடினில் பெய்துகொண்டிருந்தது. கீழே வந்தபோது டேப்பில் வடிவு என் கையிலிருந்த துணிக் குவியலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரித்தாள் என்றே கருதுகிறேன்.

இன்று பிற்பகல் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மழைச் சத்தம் கேட்டது. அது அங்கே பெய்கிற மழை என்று நிம்மதியாகக் கண்மூடி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வடிவு குடை எடுத்துப் போயிருப்பாளா என்று யோசித்தேன். மண் மணம் வந்தபிறகுதான் அழைப்பு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

துணிகள் அனைத்தும் நனைந்தன.

ஜூன் 10, திங்கள்

பகலுறக்கத்தில் ஒரு கனவு. தேர்வுக் கூடம். நீள வரிசைகளில் மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் விடைத்தாளுக்குப் பதில் ஓர் அடுப்பு, சிறு நீலச் சுடர். மாணவர்கள் தலை குனிந்து எதையோ கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் வரிசைகளுக்கிடையே நடக்கிறேன். கூடத்தின் கதவு உப்பால் ஆனது. வெளியிலிருந்து யாரோ கரண்டியால் தட்டுகிறார்கள், டொக் டொக் என்று. தட்டத் தட்ட உப்பு உதிர்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். அதில் முள் இல்லை, 954 என்ற எண் மட்டும் இருக்கிறது. கதவைத் திறக்கும் அதிகாரம் எனக்கு உண்டா என்று அறிய விதிப்புத்தகத்தைப் புரட்டுகிறேன். இருபத்திரண்டு பக்கங்களும் வெள்ளையாக இருக்கின்றன.

விழித்தபோது காலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் பதிய வேண்டும். ஜூன் 3 அன்று 10:42க்குப் படம் உறைந்தபோது வடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். விளக்கு இன்னும் போடப்படவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள், நேராக. வாயைத் திறந்தாள். அந்நிலையிலேயே படம் நின்றது. ஒரு நிமிடம் கழித்துத் திரை கறுத்தது.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். கொட்டாவியாகவும் இருக்கலாம். ஒரு வாரமாக இரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஜெபசிங் ஒரு படிவத்தோடு வந்தார். ‘பிரிவு 9 மறுபரிசீலனை விண்ணப்பம்.’ பெயர், முகவரி, வாடிக்கையாளர் எண் ஆகியவற்றை அவரே நிரப்பியிருந்தார். மூன்று வரி நீளத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: ‘இடைவிடாத பயன்பாட்டுக்கான காரணம்.’

“இதை நான் எழுதப் போவதில்லை,” என்றேன். “என் வீட்டுக்குள் நடப்பதற்கு உங்கள் நிறுவனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை எனக்கில்லை.”

“கடமையெல்லாம் இல்ல சார்.”

“எழுதினால் விதியைத் தளர்த்திவிடுவார்களா? ஒருவருக்குத் தளர்த்தினால் அது விதியே ஆகாது.”

“அது நமக்குத் தெரியாது சார். ஆனா கேக்காமக் கட் பண்ணுனது தப்புன்னு மேல ஒத்துக்கிட்டாவ.” பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “விதி இருக்கட்டும் சார், வேண்டாம்னு யாரு சொன்னா? கேக்கதுக்கு ஒரு கட்டம் வேணும்லா? நீங்க பரிச்சையெல்லாம் நடத்துனவிய. ஒங்களுக்குத் தெரியாததா?”

அவர் எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மாலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதம். வடிவு என் கல்லூரியில் இறுதியாண்டு இயற்பியல் படித்தாள். நான் தேர்வு மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர். தேர்வு பத்து மணிக்கு. பத்தரைக்குப் பிறகு எவரையும் அனுமதிக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. வடிவு 10:34க்கு வந்தாள். கூந்தல் கலைந்திருந்தது. செருப்பு இல்லை. கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “நேரம் முடிந்துவிட்டது. அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம்” என்றேன். அவளைத் தெரியாதவன்போல, மரியாதையாக. கதவைச் சாத்தினேன். அவள் தட்டவில்லை.

அன்று காலை நான் ஏழு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தேன். விதிப்படி கைப்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். எட்டு மணிக்குக் கோமதி சமையலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். வடிவு ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் சேர்த்து, டாக்டர் வந்து பார்க்கும்வரை இருந்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். இது எனக்கு மாலையில் தெரிந்தது. அந்த ஒரு தாளால் வெளிமாநிலத்தில் அவளுக்குக் கிடைத்திருந்த முதுகலை இடம் போயிற்று. பிறகு வேறு படிப்பு, வேறு நாடு. “நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று கோமதி ஒரே ஒரு முறை சொன்னாள். விதியில் கேட்பதற்கு இடமில்லை என்று விடை சொன்னேன். விதியில் இடம் இல்லை என்பது உண்மை. இன்றும் அதை நிறுவ முடியும்.

தென்னொளி நிறுவனத்தை நான் வெறுக்கிறேன். அவர்கள் என் அழைப்பை அறுத்தார்கள். அவர்களிடம் ஒரு கட்டம் இருக்கிறது.

ஜெபசிங் கொடுத்த பேனாவால் எழுதினேன். முதலில், ‘குடும்பப் பயன்பாடு.’ அடித்தேன். ‘மனைவியின் மறைவுக்குப் பிந்தைய தகவல்தொடர்பு.’ அதையும் அடித்தேன். மிஞ்சிய ஒரு வரியில் இப்படி எழுதினேன்: ‘என் மனைவி தொடங்கிய அழைப்பு. நிறுத்த எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.’

மாலை வந்து வாங்கிய ஜெபசிங் அதைப் படித்தார். கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறந்திருந்தேன். இத்தனை ஆண்டுகளில் முதல் முறை. அவரே போட்டுக்கொண்டார்.

ஜூன் 12, புதன்

காலை 9:10க்கு இணைப்பு வந்தது. பச்சை விளக்குகள் நான்கும் எரிகின்றன. “விதிவிலக்கு ஆறு மாதங்களுக்கு வழங்கப்படுகிறது” என்று நிறுவனம் செய்தி அனுப்பியிருக்கிறது. கோரிக்கை ஏற்கப்பட்டதற்கான காரணம் அதில் குறிப்பிடப்படவில்லை. அதைப் பற்றித் தனியே எழுதுவேன்.

டேப்பைத் துடைத்து உப்பு ஜாடியில் சாய்த்தேன். திரையில் வடிவின் பெயர், அதன் பக்கத்தில் அழைக்கும் பொத்தான். விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். இந்த டேப் கோமதியின் கணக்கில் இருக்கிறது. இங்கிருந்து நான் அழைத்தால் அங்கே திரையில் கோமதியின் படம் வரும். ‘அம்மா அழைக்கிறார்’ என்று ஒலிக்கும். ஒன்பது நாளாக நான் இதை அழுத்தாமலிருந்ததற்கு இணைப்பு இல்லாதது ஒன்றே காரணம் என்று இதுவரை எழுதிவந்திருக்கிறேன். என் சொந்தக் கைப்பேசியில் வடிவின் எண் இருக்கிறது. கோமதி பதிந்து கொடுத்தது. ஒரு முறையும் பயன்படுத்தியதில்லை.

அந்தப் பக்கத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஏன் வரும்? கதவைச் சாத்தியது நான்தான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

பத்தரை மணி ஆயிற்று. வெயில் மேடைவரை வந்துவிட்டது. அங்கே இப்போது சன்னல் நீலமாகிக்கொண்டிருக்கும்.

நிறுவனத்துக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கீழ்க்கண்டதை என் கைப்பேசியிலிருந்து, என் பெயரில், காலை 10:42க்கு அனுப்பினேன். பிரதி:

வடிவு,

இது அப்பா. உன் திரையில் தெரிவது என் எண்.

ஜூன் 3 அன்று அழைப்பைத் துண்டித்தது நான் அல்ல, தென்னொளி நிறுவனம். அவர்கள் அனுப்பிய மூன்று செய்திகளையும் ஆதாரமாக இணைத்திருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தேர்வுக்கூடக் கதவருகே, 10:34க்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. விடை அன்று மாலையே தெரிந்துவிட்டதால் கேள்வி காலாவதியாகிவிட்டது என்று இத்தனை காலம் கருதியிருந்தேன். அது என் பிழை. இப்போது கேட்கிறேன். ஏன் தாமதமாயிற்று?

இன்னொரு கேள்வி. படம் உறைந்தபோது நீ என்ன சொல்ல வந்தாய்? கொட்டாவி என்றால் கொட்டாவி என்றே எழுதலாம்.

இரண்டுக்கும் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். ஒரு வரி போதும். கடைசி நேரம் ஜூன் 18, செவ்வாய், உன் ஊர் நேரப்படி மாலை ஐந்து மணி, நீ விளக்குப் போடும் நேரம். முப்பத்துநான்கு நிமிடம் தாமதமானாலும் ஏற்கப்படும். அதற்கு மேல் எவ்வளவு தாமதமானாலும், காரணம் கேட்டு, ஏற்கப்படும்.